வீட்டுக்கு சோலார் போடும் முன்: கொடைக்கானல் குடும்பங்கள் தெரிந்துகொள்ள வேண்டியவை



"கூரை முழுக்க சோலார் பேனல் போட்டிருக்கிறோம். மழை நாளில் கரண்ட் போனால் சோலாரும் சேர்ந்து நின்றுவிடுகிறது. விற்றவர் ஏமாற்றிவிட்டாரா?"

கொடைக்கானலிலும் சுற்றியுள்ள பழனி மலைக் கிராமங்களிலும் இன்று பல வீடுகளில் கேட்கப்படும் கேள்வி இது. பெரும்பாலும் யாரும் ஏமாற்றவில்லை. பேனல் பழுதும் இல்லை. கரண்ட் பில் குறைய வேண்டும் என்பது ஒரு தேவை. கரண்ட் போன நேரத்தில் விளக்கு எரிய வேண்டும் என்பது வேறொரு தேவை. முதல் தேவைக்கான பொருளை வாங்கிவிட்டு இரண்டாவது பலனை எதிர்பார்ப்பதால்தான் இந்த ஏமாற்றம் வருகிறது.

பல ஆண்டுகள் சேர்த்த பணத்தை, சிலர் மகளின் திருமணத்துக்கு வைத்த பணத்தையே, இதில் போடுகிறார்கள். ஆகவே இந்த இரண்டு தேவைகளுக்கும் உள்ள வேறுபாட்டையும், மின்வாரிய விதிகளையும், நம் மலையின் தனித்தன்மையையும் இந்தக் கட்டுரையில் ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

மூன்று வகை அமைப்புகள்

முதல் வகை ஆன்-கிரிட். இதில் பேட்டரி கிடையாது. பேனலில் உண்டாகும் மின்சாரம் இன்வெர்ட்டர் வழியாக வீட்டுக்கு வருகிறது. வீட்டுத் தேவை போக மிஞ்சுவது மின்வாரியக் கம்பிக்குப் போகிறது. இரவில் வழக்கம்போல் வாரியத்திடமிருந்து எடுத்துக்கொள்கிறோம். போனதையும் வந்ததையும் கணக்கு வைக்க இருவழி மீட்டர் ஒன்று பொருத்தப்படும். அதைத்தான் நெட் மீட்டர் என்கிறோம். இந்த வகை கரண்ட் பில்லைக் குறைக்கும். மின்தடையின்போது உதவாது.

இரண்டாம் வகை ஆஃப்-கிரிட். பேனல் பகலில் பேட்டரியை நிரப்பும், பேட்டரியிலிருந்து வீட்டுக்கு மின்சாரம் வரும். மின்வாரியக் கம்பிக்கு எதுவும் போகாது. மின்தடைக்கு இது நன்றாக உதவும். ஆனால் பேட்டரி நிரம்பிய பிறகு வரும் வெயில் வீண். நெட் மீட்டர் கணக்கும் இல்லை.

மூன்றாம் வகை ஹைபிரிட். நெட் மீட்டரும் உண்டு, பேட்டரியும் உண்டு. இரண்டு தேவைகளையும் நிறைவேற்றும். விலையும் அதற்கேற்ப அதிகம். பேட்டரிக்கு ஆயுள் உண்டு என்பதால் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை அதை மாற்றும் செலவையும் கணக்கில் வைக்க வேண்டும்.

கரண்ட் போனால் சோலாரும் ஏன் அணைகிறது?

இதைப் புரிந்துகொள்ள ஒரு புயல் நாளை நினைத்துப் பார்ப்போம். 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்து, உள்மாவட்டங்கள் வழியாகத் திண்டுக்கல் வரை வந்தது. கொடைக்கானல் மலையிலும் மரங்கள் சாய்ந்தன. சாலைகள் அடைபட்டன. மின்கம்பங்கள் விழுந்தன. அப்படிப்பட்ட நாளில் லைன்மேன் மழையில் நனைந்துகொண்டே கம்பத்தில் ஏறுகிறார். லைனை நிறுத்திவிட்டோம், கம்பியில் மின்சாரம் இல்லை என்ற நம்பிக்கையில்தான் அவர் வேலையைத் தொடங்குகிறார்.

அந்த நேரத்தில் ஏதாவது ஒரு வீட்டுக் கூரையிலிருந்து மின்சாரம் பின்னோக்கிக் கம்பிக்குள் வந்தால் என்ன ஆகும்? வீட்டில் அது 230 வோல்ட்தான். ஆனால் தெருவில் உள்ள டிரான்ஸ்ஃபார்மர் இரண்டு பக்கமும் வேலை செய்யும். நம் பக்கமிருந்து 230 வோல்ட் நுழைந்தால் மறுபக்கம் அது 11,000 வோல்ட்டாக வெளியேறும். அடுத்த மலைச்சரிவில் அறுந்த கம்பியைக் கையில் பிடித்திருப்பவரின் உயிரை அது பறித்துவிடும்.

இதைத் தடுக்கவே, மின்வாரியக் கம்பியில் மின்சாரம் இல்லை என்று தெரிந்த உடனே தானாக அணைந்துவிடும்படி ஆன்-கிரிட் இன்வெர்ட்டர்கள் செய்யப்படுகின்றன. அப்படி அணையாத இன்வெர்ட்டரை மின்வாரியக் கம்பியோடு இணைக்க அனுமதி இல்லை. எனவே மின்தடையில் நம் சோலார் அணைவது குறையல்ல. முகம் தெரியாத ஒரு தொழிலாளியின் உயிருக்குப் போடப்பட்ட காவல் அது. கடைசித் தெருக்களில் வோல்டேஜ் மிகவும் குறைந்தாலோ திடீரென்று கூடினாலோகூட இந்த இன்வெர்ட்டர் சிறிது நேரம் விலகி நின்றுவிட்டு மீண்டும் சேரும். அதுவும் இயல்பானதுதான்.

ஹைபிரிட் இன்வெர்ட்டர் மின்தடை வந்ததும் வீட்டை வாரியக் கம்பியிலிருந்து முழுவதும் துண்டித்துவிட்டு, தனியாக ஒதுக்கிய சில விளக்குகளுக்கும் பிளக்குகளுக்கும் மட்டும் மின்சாரம் தரும். அந்த வயரிங்கைத் தனியாகப் பிரித்துத் தர வேண்டும். "கரண்ட் இல்லாதபோது இந்த வயரை மெயின் போர்டில் சொருகிக்கொள்ளுங்கள், வீடு முழுக்க எரியும்" என்று எந்த எலக்ட்ரீஷியனாவது சொன்னால் தயவுசெய்து மறுத்துவிடுங்கள். ஜெனரேட்டர் வைத்திருப்பவர்களுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். வாரிய லைனிலிருந்து பிரித்துவிடும் மாற்றுச் சுவிட்ச் இல்லாமல் ஜெனரேட்டரை வீட்டு வயரிங்கில் இணைக்கவே கூடாது. நம் வசதிக்காகப் பிறருக்குத் தீங்கு நேர விடக்கூடாது என்பது மார்க்கத்தின் அடிப்படை விதிகளில் ஒன்று. நாம் பார்க்காத இடத்தில் நடக்கும் தீங்குக்கும் அந்த விதி பொருந்தும்.

முதலில் கரண்ட் பில்லை எடுத்துப் பாருங்கள்

சோலார் விற்க வருபவர் முதலில் கூரையைப் பார்ப்பார். நாம் முதலில் பார்க்க வேண்டியது மின்கட்டண ரசீதை.

தமிழ்நாட்டில் இரண்டு மாதங்களுக்கு ஒருமுறை கணக்கெடுப்பு நடக்கிறது. வீட்டு இணைப்புக்கு முதல் 100 யூனிட் 2016 முதல் இலவசம். 2024 ஜூலையில் வந்த கட்டணப்படி, 101 முதல் 200 வரை யூனிட்டுக்கு 2.35 ரூபாய், 201 முதல் 400 வரை 4.70 ரூபாய், 401 முதல் 500 வரை 6.30 ரூபாய். அதாவது 200 யூனிட் வரை பயன்படுத்தும் வீட்டுக்கு இரண்டு மாதத்துக்கு 235 ரூபாய்தான் வருகிறது. 500 யூனிட் ஆனால் 1,805 ரூபாய்.

500-ஐத் தாண்டினால் இரண்டு மாற்றங்கள் நடக்கின்றன. 501-ஆவது யூனிட்டிலிருந்து விலை 8.40 ரூபாய் ஆகிறது. அதோடு 101 முதல் 200 வரை உள்ள யூனிட்டுகளுக்கான கூடுதல் சலுகையும் போய்விடுகிறது. அவற்றுக்கும் 4.70 ரூபாய். அதனால்தான் 600 யூனிட்டுக்கான பில் 2,880 ரூபாயாக ஏறிவிடுகிறது.

இப்போது இரண்டு குடும்பங்களை எடுத்துக்கொள்வோம். சமவெளியில் ஒரு கிலோவாட் பேனல் ஆண்டுச் சராசரியாக நாளொன்றுக்குச் சுமார் 4 யூனிட் தரும் என்று கணக்கிடுவார்கள். மலையில் மூடுபனியையும் மழையையும் மனதில் வைத்து நாம் 3 யூனிட் என்றே வைத்துக்கொள்வோம். கணக்கு எளிதாக இருக்கச் சிறு கட்டணங்களைச் சேர்க்கவில்லை.

முதல் குடும்பம் இரண்டு மாதத்துக்கு 600 யூனிட் பயன்படுத்துகிறது. ஹீட்டர், ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின் எல்லாம் உண்டு. 2 கிலோவாட் பேனல் 60 நாளில் 360 யூனிட் தரும். மீதி 240 யூனிட்டுக்கு மட்டும் பில் வந்தால் 423 ரூபாய். மிச்சம் 2,457 ரூபாய். ஆண்டுக்கு ஏறத்தாழ 14,700 ரூபாய்.

இரண்டாம் குடும்பம் 250 யூனிட் பயன்படுத்துகிறது. பில் 470 ரூபாய். 1 கிலோவாட் பேனல் 180 யூனிட் தந்தால் மீதி 70 யூனிட்தான். அது இலவச வரம்புக்குள் வந்துவிடும். பில் பூஜ்யம். கேட்பதற்கு அழகாக இருக்கிறது. ஆனால் ஆண்டு முழுவதற்கும் மிச்சமாவது 2,820 ரூபாய்தான்.

முதல் குடும்பத்துக்கு ஆன்-கிரிட் சோலார் நல்ல முதலீடு. இரண்டாம் குடும்பம் அதற்காகக் கடன் வாங்கினால் அது நஷ்டம். நம் மலையில் மின்விசிறியும் ஏ.சி.யும் தேவையில்லை. அதனால் சிறு குடும்பங்கள் பலவற்றின் பில் 200 யூனிட்டுக்கு உள்ளேயே நின்றுவிடுகிறது. அப்படிப்பட்ட வீட்டார் "பில் குறையும்" என்பதற்காக சோலார் போடத் தேவையே இல்லை. அவர்களின் உண்மையான தேவை மின்தடையில் வெளிச்சம். அதற்கு வழி வேறு. அதைக் கீழே சொல்கிறோம்.

அரசு மானியம் எவ்வளவு, யாருக்கு?

2024 பிப்ரவரியில் மத்திய அரசு பி.எம். சூர்ய கர் திட்டத்தைத் தொடங்கியது. நாடு முழுவதும் ஒரு கோடி வீடுகள் இலக்கு. ஒதுக்கீடு 75,021 கோடி ரூபாய். 2026-27 நிதியாண்டு வரை இத்திட்டம் வகுக்கப்பட்டுள்ளது. 1 கிலோவாட்டுக்கு 30,000 ரூபாய், 2 கிலோவாட்டுக்கு 60,000 ரூபாய், 3 கிலோவாட்டும் அதற்கு மேலும் 78,000 ரூபாய் மானியம். 3 கிலோவாட்டுக்கு மேல் எவ்வளவு போட்டாலும் மானியம் கூடாது.

இதில் கவனிக்க வேண்டியவை சில:

மானியம் வீட்டு இணைப்புக்கு மட்டும்தான். கடை, லாட்ஜ் போன்ற வணிக இணைப்புகளுக்கு இல்லை. பள்ளிவாசலின் மின் இணைப்பும் வேறு கட்டணப் பிரிவைச் சேர்ந்தது. பள்ளிவாசலுக்கு சோலார் போட விரும்பும் நிர்வாகிகள் இந்த மானியத்தை நம்பித் திட்டம் போட வேண்டாம்.

மானியம் மின்வாரியக் கம்பியோடு இணைந்த அமைப்புக்குத்தான். முழுக்க ஆஃப்-கிரிட் என்றால் இல்லை. ஹைபிரிட் போட்டால் பேனலின் அளவுக்கு ஏற்ற மானியம் கிடைக்கும். பேட்டரிக்கென்று தனியாக எதுவும் இல்லை.

பேனல்கள் இந்தியாவில் தயாரானவையாக இருக்க வேண்டும். அவற்றில் உள்ள செல்களும் உள்நாட்டுத் தயாரிப்பாக இருக்க வேண்டும். விலை குறைவு என்று வெளிநாட்டுப் பேனலைத் தலையில் கட்டிவிட்டால் பிறகு மானியம் கிடைக்காது. பில்லில் இதை எழுதி வாங்குங்கள்.

மானியம் முன்பணமாகக் கிடைக்காது. பேனல் போட்டு, நெட் மீட்டர் பொருத்தி, ஆய்வு முடிந்த பிறகுதான் நம் வங்கிக் கணக்குக்கு வரும். அதுவரை முழுத் தொகையையும் நாமே புரட்ட வேண்டும். பல குடும்பங்கள் தடுமாறும் இடம் இதுதான்.

விண்ணப்பத்தின் படிகள்

திட்டத்தின் தேசிய இணையதளத்தில் மின் இணைப்பு எண்ணைக் கொடுத்துப் பதிவு செய்ய வேண்டும். நம் பகுதிக்கு மின் விநியோகம் செய்வது தமிழ்நாடு மின் பகிர்மானக் கழகம். முன்பு டான்ஜெட்கோ என்று அழைக்கப்பட்டது 2024-இல் பிரிக்கப்பட்டு இந்தப் பெயரில் இயங்குகிறது. மக்கள் வாயில் இன்றும் அது ஈ.பி.தான்.

பதிவான பிறகு, அங்கீகரிக்கப்பட்ட நிறுவனங்களின் பட்டியலிலிருந்து ஒன்றைத் தேர்ந்தெடுக்கிறோம். குறைந்தது இரண்டு நிறுவனங்களிடம் விலைப்பட்டியல் வாங்குங்கள். பேனல் பொருத்தியதும் நெட் மீட்டருக்கு விண்ணப்பம் போகும். மின்வாரிய ஊழியர்கள் வந்து பார்த்து மீட்டர் மாற்றுவார்கள். அதன்பின் இயக்கச் சான்று, பிறகு வங்கி விவரம், கடைசியாக மானியம்.

2024 பிப்ரவரியில் மத்திய அரசு மின் நுகர்வோர் உரிமை விதிகளில் செய்த திருத்தப்படி, 10 கிலோவாட் வரையுள்ள விண்ணப்பங்களுக்குத் தொழில்நுட்பச் சாத்தியக்கூறு ஆய்வு தேவையில்லை. ஏற்கப்பட்டதாகவே கருதப்படும். 5 கிலோவாட் வரை, அதற்காக லைனையோ டிரான்ஸ்ஃபார்மரையோ வலுப்படுத்த வேண்டியிருந்தால் அந்தச் செலவு மின் விநியோக நிறுவனத்தைச் சேர்ந்தது. "டிரான்ஸ்ஃபார்மருக்குத் தனியாகப் பணம் கட்ட வேண்டும்" என்று இடைத்தரகர் யாராவது சொன்னால் இந்த விதி நினைவிருக்கட்டும். மின்தடை, மீட்டர் தொடர்பான புகார்களுக்கு மின்னகம் எண் 94987 94987 உண்டு.

தேவைக்கு மேல் பெரிதாகப் போட்டு மின்சாரம் விற்றுச் சம்பாதிக்கலாம் என்ற எண்ணமும் வேண்டாம். இந்த ஏற்பாடு வீட்டுத் தேவையை ஈடுகட்டுவதற்கானது, வியாபாரத்துக்கானது அல்ல.

இணைப்பு யார் பெயரில் இருக்கிறது?

நம் குடும்பங்களில் இது அடிக்கடி சிக்கலாகும் விஷயம். வாப்பா இறந்து பத்து ஆண்டுகள் ஆகியிருக்கும், மின் இணைப்பு இன்னும் அவர் பெயரிலேயே இருக்கும். சில வீடுகளில் பாட்டனார் பெயரில் இருக்கும். விண்ணப்பதாரரின் பெயரும் இணைப்பின் பெயரும் வங்கிக் கணக்கின் பெயரும் பொருந்தவில்லை என்றால் மானியம் தடைபடும். ஆகவே முதலில் ஈ.பி. அலுவலகத்தில் பெயர் மாற்றம் செய்துகொள்ள வேண்டும்.

பெயர் மாற்றம் என்பது காகித வேலை மட்டுமல்ல. வாப்பா விட்டுச் சென்ற வீடு இன்னும் பாகம் பிரிக்கப்படவில்லை என்றால், கூரை எல்லா வாரிசுகளுக்கும் உரியது. திருமணமாகி வத்தலக்குண்டிலோ மதுரையிலோ இருக்கும் சகோதரிக்கும் அதில் பங்கு இருக்கிறது. அங்கு குடியிருக்கும் அண்ணன் தன் பணத்தில் பேனல் போடுகிறார் என்றால், அது அவருடைய தனிச்சொத்தா, வீட்டோடு சேர்ந்ததா, நாளை பாகம் பிரிக்கும்போது எப்படிக் கணக்கிடுவது என்பதை முன்கூட்டியே பேசி, எல்லோர் சம்மதத்தையும் எழுதி வைத்துக்கொள்வது நல்லது. பேனலின் ஆயுள் இருபத்தைந்து ஆண்டுகள் என்கிறார்கள். அதற்குள் ஒரு தலைமுறையே மாறிவிடும். இன்று அரைப் பக்கத் தாளில் எழுதினால் நாளை உடன்பிறந்தோர் உறவு காக்கப்படும். முடிந்தால் இந்தச் சாக்கிலேயே பாகத்தையும் பிரித்துவிடுங்கள்.

வாடகை வீட்டில் இருப்பவர்கள் கூரையில் நிரந்தரமாக எதையும் பொருத்த வேண்டாம். கழற்றி எடுத்துச் செல்லக்கூடிய சிறு பேனலும் பேட்டரியும் அவர்களுக்குப் போதும்.

மலையின் வெயிலும் மரத்தின் நிழலும்

கொடைக்கானலில் சோலார் வேலை செய்யுமா என்று சந்தேகிப்பவர்கள் உண்டு. சூரியனை ஆராய்வதற்காகவே 1899-இல் சென்னையிலிருந்து இந்த மலைக்குக் கொண்டுவரப்பட்டதுதான் கொடைக்கானல் சூரிய ஆய்வகம். சூரியப் புள்ளிகளில் வாயு வெளிநோக்கி ஓடுவதை ஜான் எவர்ஷெட் 1909-இல் கண்டறிந்தது இங்கேதான். சூரியன் இந்த மலைக்குக் குறை வைக்கவில்லை. குளிரும் நமக்குச் சாதகம். பேனல் சூடாக ஆக அதன் உற்பத்தி குறையும். 25 டிகிரிக்கு மேல் ஏறும் ஒவ்வொரு டிகிரிக்கும் ஏறத்தாழ 0.3 முதல் 0.4 சதவீதம் இழப்பு. திண்டுக்கல் வெயிலில் கொதிக்கும் பேனலைவிட நம் பேனல் குளிர்ந்திருக்கும்.

ஆனால் மாதங்கள் ஒன்றுபோல் இருப்பதில்லை. ஜனவரி முதல் மார்ச் வரை வானம் தெளிவாக இருக்கும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழையும் மூடுபனியும் நாள்கணக்கில் நிற்கும். பேனல் விற்பவர் காட்டும் "ஒரு நாள் உற்பத்தி" எந்த மாதத்துக்கு உரியது என்று கேளுங்கள். தாண்டிக்குடி, பண்ணைக்காடு போன்ற கீழ்மலைக்கும், பூம்பாறை, மன்னவனூர் போன்ற மேல்மலைக்கும் பனியின் அளவே வேறு. முடிந்தால் உங்கள் ஊரிலேயே சோலார் போட்டு ஓராண்டு ஆன ஒருவரின் மீட்டர் கணக்கைப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

அடுத்தது நிழல். பேனல்கள் ஒன்றோடொன்று தொடராக இணைக்கப்படுவதால், ஒரு பேனலில் விழும் நிழல் மற்றவற்றின் உற்பத்தியையும் இழுத்துக் குறைக்கும். நிழல் பார்க்கத் தொழுகை நேரங்களே நமக்கு நல்ல அளவுகோல். ளுஹா நேரத்தில் ஒருமுறை, லுஹர் நேரத்தில் ஒருமுறை, அஸருக்குச் சற்று முன் ஒருமுறை கூரையில் நிழல் எங்கே விழுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். இந்த இடைவெளியில்தான் பேனல் தன் பெரும்பகுதி உற்பத்தியைத் தருகிறது. ஒரு நாள் பார்த்தால் போதாது. நம் மலை வடக்கு 10 டிகிரி அட்சரேகையில் இருப்பதால், டிசம்பரில் நண்பகல் நிழல் வடக்கே நீளும், ஜூனில் தெற்கே சாயும். பேனல் தெற்கு நோக்கி, சுமார் 10 முதல் 15 டிகிரி சாய்வில் இருப்பது நல்லது.

நிழல் தரும் மரத்தை வெட்டிவிடலாம் என்று அவசரப்பட வேண்டாம். மலைப்பகுதிகளில் மரங்களைக் காக்க 1955-ஆம் ஆண்டிலேயே தனிச் சட்டம் வந்துவிட்டது. சொந்தப் பட்டா நிலத்தில் நிற்கும் மரமாக இருந்தாலும் அனுமதி பெற்றே வெட்ட வேண்டும். மண்சரிவைத் தடுத்து நிற்பதும் அந்த மரம்தான். பேனலின் இடத்தை மாற்றுவது அல்லது அளவைக் குறைப்பதே முதல் வழி.

பழைய வீடுகளின் தகரக் கூரையும் ஓட்டுக் கூரையும் பேனலின் எடையையும் மலைக்காற்றையும் தாங்குமா என்று தச்சரையோ கொத்தனாரையோ வைத்துப் பார்க்க வேண்டும். ஆணி அடித்த இடத்தில் மழைநீர் ஒழுகாமல் அடைத்துத் தருவதாக எழுதி வாங்குங்கள். இடி மின்னல் அதிகமான இடம் என்பதால் எர்த்திங்கிலும் மின்னல் பாதுகாப்பிலும் பணம் மிச்சம் பிடிக்க வேண்டாம்.

மின்தடைக்கு மட்டும் என்றால்

பில் குறைவாக வரும் குடும்பத்துக்கு மின்தடையில் என்னென்ன தேவை? ஆளுக்கொரு அறையில் விளக்கு, போன் சார்ஜ், பிள்ளைகள் படிக்க இணையம், ரமலானில் சஹர் நேரத்தில் அடுப்படி வெளிச்சம். 9 வாட் எல்.இ.டி. விளக்குகள் நான்கு, இணையக் கருவி, ஒரு டி.வி. எல்லாம் சேர்ந்து சுமார் 110 வாட். ஆறு மணி நேரத்துக்கு 0.66 யூனிட்.

வழக்கமான 12 வோல்ட் 150 ஏ.ஹெச். டியூபுலர் பேட்டரியில் 1.8 யூனிட் அடங்கும். பேட்டரி நீடித்து உழைக்க அதில் பாதியை மட்டும் எடுப்பது நல்லது. அதாவது 0.9 யூனிட். மேலே சொன்ன தேவைக்கு அதுவே போதும். சில மணி நேர மின்தடைக்குச் சாதாரண வீட்டு இன்வெர்ட்டரும் ஒரு பேட்டரியும் போதுமானவை. பேனலே தேவையில்லை, ஈ.பி. கரண்டிலேயே பேட்டரி நிரம்பிவிடும். கஜா போன்ற நாட்களில் இரண்டு மூன்று நாள் மின்சாரம் வராமல் போகும் ஊர்களில், அந்த பேட்டரியை நிரப்ப ஒரு சிறு பேனலைச் சேர்த்துக்கொள்ளலாம்.

வெந்நீர் ஹீட்டரை பேட்டரியில் ஓட்ட நினைக்காதீர்கள். 2,000 வாட் ஹீட்டர் கால் மணி நேரத்தில் 0.5 யூனிட்டை விழுங்கும். சிறு இன்வெர்ட்டர் அதைத் தாங்கவும் தாங்காது. உளூச் செய்யவும் குளிக்கவும் வெந்நீர் இல்லாமல் முடியாத ஊர் இது. அதற்கு வெயிலில் நேரடியாகத் தண்ணீரைச் சூடாக்கும் சோலார் வாட்டர் ஹீட்டர் வேறு வகை. பில்லைப் பெரிதும் ஏற்றுவது ஹீட்டர்தான் என்றால் முதலில் அதைப் பற்றி யோசியுங்கள்.

லித்தியம் பேட்டரியின் விலை அதிகம், ஆயுளும் அதிகம், 80 சதவீதத்துக்கு மேல் பயன்படுத்தலாம். ஆனால் பூஜ்யம் டிகிரிக்குக் கீழே அதைச் சார்ஜ் செய்யக்கூடாது. உறைபனி விழும் மேல்மலை வீடுகளில் அதை வெளித்தாழ்வாரத்தில் வைக்காமல் உள்ளே வையுங்கள். ஈய பேட்டரிக்கு நேர் எதிரான எச்சரிக்கை. சார்ஜ் ஆகும்போது அதிலிருந்து எரியக்கூடிய வாயு வரும். குளிருக்காகச் சன்னலை அடைத்துவிட்டுத் தூங்கும் அறையில் அதை வைக்கவே கூடாது.

பழைய பேட்டரியைப் பள்ளத்தில் வீசுவதும் கூடாது. தெர்மாமீட்டர் தொழிற்சாலையின் பாதரசக் கழிவு நம் மண்ணுக்கு என்ன செய்தது என்பதைக் கொடைக்கானல் அறியும். 2001-இல் அந்தத் தொழிற்சாலை மூடப்பட்டும் பிரச்சினை பல ஆண்டுகள் தொடர்ந்தது. ஈயமும் அதுபோன்ற நஞ்சுதான். 2022-ஆம் ஆண்டின் பேட்டரிக் கழிவு விதிகள்படி பழைய பேட்டரிகளைத் திரும்பப் பெற்று மறுசுழற்சிக்கு அனுப்பும் பொறுப்பு தயாரிப்பாளர்களுக்கு உண்டு. புதியது வாங்கும் கடையிலேயே பழையதைக் கொடுத்துவிடுங்கள்.

கடனும் வட்டியும்

மானியம் பின்னால்தான் வரும் என்பதால், விற்பவர்கள் உடனே வங்கிக் கடனைக் காட்டுவார்கள். பொதுத்துறை வங்கிகள் இதற்குப் பிணையில்லாமல் குறைந்த வட்டியில் கடன் தருகின்றன. குறைந்த வட்டியும் வட்டிதான். சோலார் என்பது உயிர் போகும் நெருக்கடியும் அல்ல. அதற்காக வட்டிக்குள் நுழைய எந்தத் தேவையும் இல்லை.

வழிகள் இருக்கின்றன. 3 கிலோவாட்டுக்குப் பதில் 1 அல்லது 2 கிலோவாட்டில் தொடங்கலாம். பிறகு பேனல் கூட்டுவதற்கு இடம்தரும் இன்வெர்ட்டராகக் கேட்டு வாங்கலாம். மானியத் தொகை வரும் வரை மட்டும் உறவினரிடமோ ஜமாஅத் பைத்துல்மாலிடமோ அழகிய கடன் வாங்கி, மானியம் வந்ததும் அடைத்துவிடலாம். வரப்போகும் பணம் தெரிந்திருப்பதால் கொடுப்பவருக்கும் நம்பிக்கை இருக்கும். நம் ஜமாஅத்துகள் இதற்கென ஒரு சிறு சுழல்நிதி வைத்தால் ஒரே தொகை ஆண்டுக்குப் பல குடும்பங்களுக்கு உதவும். தவணையில் வாங்கினால், மொத்த விலை முதலிலேயே முடிவாகி, தாமதத்துக்கு வட்டி இல்லாத ஒப்பந்தமாக இருக்க வேண்டும். அரசு தரும் மானியத்தைப் பெறுவதில் தயக்கம் தேவையில்லை.

கையெழுத்திடும் முன் கேட்க வேண்டியவை

1. இது ஆன்-கிரிட்டா, ஆஃப்-கிரிட்டா, ஹைபிரிட்டா? மின்தடையில் என்னென்ன எரியும்?

2. பேனல்கள் மானியத்துக்குத் தகுதியான உள்நாட்டுத் தயாரிப்பா?

3. நெட் மீட்டர் வேலையை யார் முடித்துத் தருவது? மொத்த விலையில் அது சேர்ந்திருக்கிறதா?

4. பேனலுக்கும் இன்வெர்ட்டருக்கும் பேட்டரிக்கும் தனித்தனியாக எத்தனை ஆண்டு உத்தரவாதம்? ஐந்து ஆண்டுப் பராமரிப்பு எழுத்தில் இருக்கிறதா?

5. பழுதானால் மலைக்கு வந்து பார்க்க ஆள் உண்டா, எத்தனை நாளில் வருவார்?

6. எர்த்திங், மின்னல் பாதுகாப்பு, கூரை ஒழுகாமல் அடைப்பது ஆகியவை விலையில் அடங்குமா?

முழுப் பணத்தையும் முன்னதாகக் கொடுத்துவிடாதீர்கள். ஒரு பங்கை நெட் மீட்டர் பொருத்திய பிறகு தருவதாகப் பேசுங்கள். "இலவச சோலார்" என்று போனில் வரும் இணைப்புகளைத் தொடவும் வேண்டாம், ஓ.டி.பி. எண்ணை யாருக்கும் சொல்லவும் வேண்டாம்.

அல்லாஹ்வின் அருட்கொடையான சூரிய ஒளிக்கு யாரும் விலை கேட்பதில்லை. அதைப் பிடித்துத் தரும் கருவிக்குத்தான் நம் உழைப்பின் பணம் போகிறது. எனவே பில்லைக் குறைப்பதா, இருட்டைப் போக்குவதா என்று முதலில் வீட்டாருடன் உட்கார்ந்து முடிவு செய்யுங்கள். தேவை தெளிவானால் எதை வாங்குவது, எதை வாங்காமல் விடுவது என்பதும் தெளிவாகிவிடும், இன்ஷா அல்லாஹ்.